பெட்டியில் போன மாத்திரைகள்

எங்கள் பக்கத்தில் கல்ஃபுக்குப் புறப்படுகிறவனின் பெட்டி அவனுடையது அல்ல. அவனுடைய துணிமணி ஒரு மூலையில் ஒதுங்கிக் கிடக்கும். மீதி இடமெல்லாம் ஊருக்குச் சொந்தம். பயணத்துக்கு இரண்டு நாள் முன்பிருந்தே ஆட்கள் வரத் தொடங்குவார்கள். கருங்கல் ஊர்ச் சந்தையில் வாங்கிய நேந்திரங்காய் வற்றல், மாங்காய் ஊறுகாய், கருவாடு, தைத்து வாங்கிய சட்டை, பிள்ளையின் ஞானஸ்நான ஃபோட்டோ என்று ஒவ்வொன்றும் பிளாஸ்டிக் உறையில் சுற்றி, பிரவுன் டேப் ஒட்டி, மேலே பெயர் எழுதி வரும். உள்ளே என்ன என்று கேட்பது மரியாதை இல்லை. கடைசியில் பெட்டியைத் தூக்குத் தராசில் மாட்டிப் பார்க்கும்போது எடை கூடிப்போனால், வெளியே வருவது போகிறவனின் துணிதான்.

இந்தப் பெட்டிகளில் ஒன்பது வருடம் நானும் மருந்து கொடுத்துவிட்டேன்.

நான் ஒரு மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை பார்க்கிற டாக்டர். நோயாளிகளின் முகம் எனக்கு அதிகம் தெரியாது. அவர்களிடமிருந்து வருகிற ரத்தத்திலும் சிறுநீரிலும் சீழிலும் வளருகிற கிருமிகளைத்தான் தெரியும். வட்டத் தட்டில் கிருமியை வளரவிட்டு, அதன்மேல் மருந்தில் நனைத்த பொட்டு அளவுக் காகிதத் துண்டுகளை வைப்போம். மருந்து வேலை செய்தால் மறுநாள் அந்தத் துண்டைச் சுற்றிக் கிருமி இல்லாத ஒரு வளையம் இருக்கும். வேலை செய்யாவிட்டால் துண்டின் விளிம்புவரை வளர்ந்து நிற்கும். நான் சேர்ந்த காலத்தில் தட்டு நிறைய வளையங்கள் இருந்தன. வருடா வருடம் அவை சுருங்கி வந்தன. இப்போதெல்லாம் ஒரு வளையமும் இல்லாத தட்டுகள் வருகின்றன. அப்படி ஒன்று கைக்கு வந்தால் அறிக்கையில் மருந்துகளின் பெயருக்கு எதிரே வரிசையாக ‘ஆர்’ என்ற எழுத்தை அடித்துக்கொண்டே போவேன். இந்த மருந்து கேட்காது என்று அர்த்தம். அறிக்கை வார்டுக்குப் போய்ச் சேரும்போது சில சமயம் படுக்கை காலியாகியிருக்கும்.

ஆக, ஆன்டிபயாடிக்கைக் கண்டபடி தின்றால் என்ன ஆகும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஊர்ப் பள்ளிக்கூடங்களில் போய் அதைப் பற்றிப் பேசுகிறவளே நான்தான். மாலையில் வீட்டுக்கு வந்து, என் தம்பிக்கு அதே மாத்திரையை அட்டை அட்டையாக டேப் ஒட்டிக் கட்டுவேன். இதற்கு ஒரு நியாயம் சொல்லி என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டதுண்டு.

தம்பிக்கு முப்பத்து நான்கு வயது. அம்மா போனபோது அவனுக்குப் பதினொன்று. அப்பா அதற்கும் முன்பே போயாகிவிட்டது. அவனைப் பிள்ளை மாதிரி வளர்த்தேன் என்று சொன்னால் அவன் சிரிப்பான், போலீஸ் மாதிரி வளர்த்தாய் என்பான். வளைகுடா நாடு ஒன்றில் ஏசி மெக்கானிக்காக இருந்தான். வேலை முழுக்க மொட்டை மாடியில். அந்த வெயிலில் தண்ணீர் குடித்தால் சிறுநீர் கழிக்க ஆறு மாடி இறங்க வேண்டும் என்பதால் குடிக்கவே மாட்டான். கல் வந்தது. கல் இருந்த இடத்தில் கிருமி வந்தது. வருடத்துக்கு மூன்று நான்கு முறை ஃபோன் வரும்.

“அக்கா, மூத்திரம் போவும்போ எரியுது. பனியும் உண்டு. பண்டு தந்துவிட்ட குளிகை கொஞ்சம் அனுப்புவியா?”

எங்கள் பக்கத்தில் காய்ச்சலுக்குப் பனி என்றுதான் பெயர், மாத்திரைக்குக் குளிகை, பயத்துக்குப் பேடி.

“டாக்டர்ட்ட போனியாலே?”

“போனா ஒரு நாளு வேலை போவும். கம்பெனிக்க புக்குலயும் ஏறும். பொறவு விசா புதுக்கும்போ அன்ஃபிட் அடிச்சு விட்டா?”

அன்ஃபிட். எங்கள் மாவட்டத்து மேற்குத் தாலுகாக்களில் இந்த வார்த்தை தெரியாத வீடு கிடையாது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் அதைத் தெளிவாக உச்சரிப்பார்கள். விசாவுக்கான உடல் பரிசோதனையில் தேறாதவனின் தாளில் விழுகிற முத்திரை அது. விழுந்தால் வீடு பாதியில் நிற்கும், கல்யாணம் நிற்கும், ஊரில் எல்லோரும் அவனுக்கு என்ன நோய் என்று தாங்களாகவே ஒன்றைக் கண்டுபிடிப்பார்கள். அதனால் அங்கே இருக்கிற எங்கள் பையன்கள் இருமலைக்கூட விழுங்கிக்கொள்வார்கள்.

முன்பு அந்த நாட்டு மருந்துக் கடைகளில் கேட்டால் கொடுத்தார்கள். பிறகு சட்டம் இறுகியது. டாக்டர் சீட்டு இல்லாமல் ஆன்டிபயாடிக் கிடையாது. நல்ல சட்டம். நம்மிடமும் அதே சட்டம் உண்டு. ஆனால் கடைக்காரரிடம் பழைய அட்டையைக் காட்டிக் கேட்டால் கிடைக்கும். அங்கே கதவைச் சாத்தினார்கள், இங்கே கதவு திறந்து கிடந்தது, நடுவில் எங்கள் பெட்டிகள் போய்க்கொண்டிருந்தன. விமான நிலையத்தில் ஊறுகாய்ப் பாட்டிலை எடுத்துப் பார்ப்பார்கள். நாலு அட்டை மாத்திரையை யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை.

நான் கண்டபடி அனுப்பவில்லை என்பதுதான் என் நியாயம். எத்தனை நாள், எத்தனை வேளை, நடுவில் நிறுத்தக் கூடாது என்று அட்டையைச் சுற்றிய தாளில் பெரிய எழுத்தில் எழுதுவேன். இன்னொரு முறை வந்தால் இருக்கட்டும் என்று கூடுதலாகவும் வைப்பேன்.

ஆறு நாடுகள் சேர்ந்த ஒரு குழுவில் எனக்கு இடம் கிடைத்தது என் தட்டுகளால்தான். மருந்து கேட்காத கிருமிகளைப் பற்றி எங்கள் ஆய்வகம் ஒழுங்காகக் கணக்கு வைத்திருந்தது யாருடைய கண்ணிலோ பட்டிருக்கிறது. மாதம் ஒரு கூட்டம், கம்ப்யூட்டர் திரையில். எங்களுக்கு மாலை நான்கு என்றால் வளைகுடாக்காரர்களுக்கு இரண்டரை. ஆன்டிபயாடிக்கை எப்படி விற்பது, யார் எழுதித் தருவது, ஒரு நாட்டில் தென்பட்ட கிருமியை அடுத்த நாட்டுக்கு எப்படிச் சொல்வது, இதற்கெல்லாம் ஆறு நாட்டுக்கும் பொதுவாக ஒரு விதித் தொகுப்பு எழுதி அரசாங்கங்களிடம் கொடுக்க வேண்டும். ‘செய்ய வேண்டும்’ என்று போடுவதா, ‘செய்ய முயல வேண்டும்’ என்று போடுவதா என்று மூன்று கூட்டம் ஓடியது. தீவனத்தில் ஆன்டிபயாடிக் கலக்கிற கோழிப்பண்ணைகளின் பேச்சையே எடுக்கக் கூடாது என்றது ஒரு நாடு. ஒரு நாடு இறுக்கி அடுத்த நாடு தளர்த்தினால் பயன் இல்லை, மருந்து ஓட்டை இருக்கிற பக்கம் ஒழுகும் என்று முதல் கூட்டத்திலேயே பேசியது நான். அப்படிப் பேசுகிற நேரத்தில் என் தம்பியின் மாத்திரை அட்டைகள் என் நினைவுக்கு வரவில்லை. வந்திருந்தால் நாக்குக் குழறியிருக்கும்.

வரைவில் ஒரு பிரிவு இருந்தது. ஒருவரின் கிருமிப் பரிசோதனை முடிவு அவர் போகிற நாட்டுக்கும் தானாகவே போய்ச் சேர வேண்டும் என்றது அது. படித்தவுடன் எனக்குச் சுருக்கென்றது. நான் பேசினேன். இந்த அறிக்கை மருத்துவமனையோடு நிற்காது, கம்பெனிக்குப் போகும், விசா அலுவலகத்துக்குப் போகும், எங்கள் மாவட்டத்துப் பையன்கள் நூறு பேருக்கு அன்ஃபிட் விழும், அதற்குப் பயந்தே அவர்கள் இனி ஆஸ்பத்திரிப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டார்கள் என்றேன். நன்றாகவே பேசினேன். தொழிலாளர்களை வெளியே அனுப்புகிற இன்னும் இரண்டு நாடுகள் என்னோடு சேர்ந்துகொண்டன. பிரிவை எடுத்துவிட்டார்கள். பெயர் இல்லாத மொத்தக் கணக்கு மட்டும் நாடுகளுக்கு இடையே போனால் போதும். தனி ஆளின் அறிக்கை அவர் நேரில் வந்து கையெழுத்துப் போட்டால் ஒழிய எல்லை தாண்டக் கூடாது என்று முடிவாயிற்று. ஆறு நாடுகளும் அன்றே அதை நடைமுறைக்குக் கொண்டுவர ஒப்புக்கொண்டன. மற்ற எதிலும் அவ்வளவு வேகம் இருந்ததில்லை. அன்று மாலை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

அடுத்த இரண்டு மாதத்துக்குள் ஒரு நாள் காலை, திருவனந்தபுரம் விமான நிலையத்திலிருந்து வந்த டாக்ஸி எங்கள் வீட்டு முன்னால் நின்றது. தம்பி இறங்கினான். வருகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை. அந்த வெயிலில் கம்பளிச் சட்டை போட்டிருந்தான். கையைப் பிடித்தேன், கொதித்தது. உதடு நீலம் பாரித்திருந்தது.

“சும்மா பனிக்கா. ஒண்ணுமில்ல.”

ஒன்றுமில்லாமல் ஒருவன் நாலு மணி நேர விமானத்தில் நடுங்கிக்கொண்டே வர மாட்டான். காரில் ஏற்றி எங்கள் மருத்துவமனைக்குக் கொண்டு போகிற வழியில் விஷயம் வெளியே வந்தது. அங்கே அரசு ஆஸ்பத்திரியில் மூன்று நாள் கிடந்திருக்கிறான். ரத்தம் எடுத்திருக்கிறார்கள், சிறுநீர் எடுத்திருக்கிறார்கள். கிருமி அறிக்கை மறுநாள் வரும், அதன் நகல் கம்பெனிக்கும் போகும் என்று பக்கத்துக் கட்டில்காரன் யாரோ சொன்னதை நம்பி, கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டான். கம்பெனியில் அக்காவுக்கு ஆபரேஷன் என்று சொல்லி லீவு வாங்கியிருக்கிறான். அப்படியே ஓங்கி அறையலாம் போல இருந்தது. அறைகிற நிலையில் அவன் இல்லை.

கிருமி ரத்தத்தில் ஏறியிருந்தது. மதியத்துக்குள் ரத்த அழுத்தம் இறங்கத் தொடங்கிவிட்டது. எங்கள் பெரிய டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். நீங்கள் தட்டில் வளர்த்துச் சொல்ல இரண்டு நாள் ஆகும். அதுவரை காத்திருக்க முடியாது. கைவசம் இருப்பதிலேயே பெரிய ஊசியைத் தொடங்கிவிடுகிறேன், அது கேட்காத கிருமியாக இருந்தால் இரண்டு நாள் வீண், அந்த இரண்டு நாளை இவன் தாங்குவானா என்று தெரியவில்லை என்றார். வேறு யாருடைய தம்பியைப் பற்றியோ சொல்வது போல நான் தலையாட்டிக்கொண்டு நின்றேன்.

அறிக்கை ஏற்கெனவே இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். அந்த நகரத்து மாதிரிகளெல்லாம் போகிற ஆய்வகத்தின் தலைமை டாக்டர் எங்கள் குழுவில் அந்த நாட்டின் சார்பாக உட்காருகிறவர். என் வயதுப் பெண்மணி, அதிகம் பேச மாட்டார். ஃபோன் செய்தேன். ஆங்கிலத்தில்தான் பேசிக்கொள்வோம். ஒரு நோயாளி என்று மட்டும் சொல்லி, தம்பியின் ஆஸ்பத்திரிச் சீட்டில் இருந்த எண்ணையும் தேதியையும் கொடுத்தேன்.

அவர் தேடுகிற சத்தம் கேட்டது.

“அறிக்கை என் எதிரே திரையில் இருக்கிறது” என்றார். “அனுப்ப முடியாது, டாக்டர். அந்தப் பிரிவு இருந்திருந்தால் இந்நேரம் தானாக உங்களுக்கு வந்திருக்கும். இப்போது அவர் இங்கே நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும்.”

“அவரால் எழுந்து உட்காரவே முடியாது.”

“தெரிகிறது.”

அவர் குத்திக்காட்டவில்லை. குத்திக்காட்டியிருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். பிறகு அவர், “உங்கள் ஆய்வகத்தில் எந்தெந்த மருந்துக்குச் சோதனை செய்வீர்கள்? பட்டியலை வாசியுங்கள். வாசிப்பதற்கு விதியில் தடை இல்லை” என்றார்.

மேஜைமேல் இருந்த வெற்று அறிக்கைத் தாளை எடுத்து வாசித்தேன். முதல் பெயர். அவர் எதுவும் சொல்லவில்லை. இரண்டாவது பெயர். எதுவும் சொல்லவில்லை. நான் வருடக்கணக்கில் தம்பிக்குக் கட்டி அனுப்பிய மாத்திரை நான்காவதாக வந்தது. என் குரல் இறங்கிப்போனது, அங்கேயும் சத்தமில்லை. ஏழு, எட்டு, ஒன்பது. ஒவ்வொரு பெயருக்குப் பிறகும் நிறுத்திக் காது கொடுத்தேன். அவர் மூச்சு விடுவது மட்டும் கேட்டது. எங்கள் பெரிய டாக்டர் தொடங்கப்போவதாகச் சொன்ன அந்தப் பெரிய ஊசியின் பெயரைச் சொன்னேன். லைன் துண்டித்துவிட்டதோ என்று சந்தேகப்பட்டு இன்னொரு முறை சொன்னேன். அப்போதும் ஒன்றுமில்லை. தாளில் ஒரே ஒரு பெயர் மிச்சமிருந்தது. சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று எப்போதோ ஒதுக்கிவைத்துவிட்டு, வேறு வழியில்லாமல் திரும்ப எடுத்த பழைய ஊசி. அதைச் சொல்ல எனக்குப் பயமாக இருந்தது. சொன்னேன்.

“ம்” என்றார்.

தாளில் அந்தப் பெயரைச் சுற்றி வட்டம் போட்டேன்.

“நோயாளி யார்?” என்று கேட்டார்.

“என் தம்பி.”

அவர் தன் மொழியில் ஏதோ சொன்னார், பிரார்த்தனையாக இருக்க வேண்டும். பிறகு பழையபடி அலுவலகக் குரலில் பேசினார். அதே தங்குமிடத்தில் அதே அறையிலிருந்து இன்னும் இரண்டு பேர் தங்களிடம் சேர்ந்திருப்பதாகவும், கிருமி ஒன்றேதான் என்றும் சொன்னார். “அந்த அறைக்கு உங்கள் பக்கத்திலிருந்து யாரோ தொடர்ந்து ஆன்டிபயாடிக் அனுப்புகிறார்கள். அறையில் யாரும் வாயைத் திறக்கவில்லை. யார் என்று உங்களால் கண்டுபிடிக்க முடியுமா? தெரிந்தால் அங்கே யார் யார் எவ்வளவு தின்றார்கள், என்ன மிச்சம் இருக்கிறது என்று கேட்டு அப்புறப்படுத்திவிடலாம்.”

“விசாரித்துச் சொல்கிறேன்” என்றேன்.

பழைய ஊசியைப் பத்து நாள் போட்டோம். மூன்றாம் நாள் காலை என்னுடைய தட்டும் அதையே சொன்னது. ஒரே ஒரு மெல்லிய வளையம், மற்றபடி விளிம்புவரை கிருமி. நானே அறிக்கையை அடித்தேன். ஐந்தாம் நாள் காய்ச்சல் இறங்கியது. இடது சிறுநீரகம் திரும்பி வரவில்லை. வலதை வைத்து ஓட்டிக்கொள்ளலாம் என்றார்கள். பிழைத்தான். அந்தச் சந்தோஷத்தை நான் மறைக்கவில்லை. மருத்துவமனை மாடிப்படியில் உட்கார்ந்து ஒரு பாடு அழுதேன்.

அவன் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடிக்கத் தொடங்கியதும் கேட்டேன், நான் எழுதி அனுப்பியபடி ஐந்து நாளும் ஒழுங்காகத் தின்றாயா என்று.

“அது எனக்கு மட்டும்னு நெனச்சியா நீ?” என்றான். ஆச்சரியமாக என்னைப் பார்த்தான். “ஊருல இருந்து எது வந்தாலும் பேப்பர் விரிச்சு நடுவுல கொட்டுவோம். வத்தலு, ஊறுகா, குளிகை, எல்லாம் பத்துப் பங்கு. அவனவன் பங்க அவனவன் தலையணைக்க அடியில வச்சுக்கிடுவான். பனி வந்தா ஒண்ணு ரெண்டு போடுவான், விட்டா நிப்பாட்டிருவான். தனியா வச்சுத் தின்னா அங்க எவன் கூட இருக்க முடியும்?”

ஒருவன் ஐந்து நாள் தின்ன வேண்டிய மருந்தைப் பத்துப் பேர் அரை நாள் தின்றிருக்கிறார்கள். ஒன்பது வருடமாக. வயலில் களை பறிக்க இறங்கி, வேர் ஆழமில்லாததை மட்டும் பிடுங்கிப் போட்டுவிட்டுக் கரையேறினால் எது மிஞ்சி நின்று பெருகுமோ அதைத்தான் அந்த அறையில் நான் வளர்த்திருக்கிறேன். அவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. என் தம்பி பங்கு வைக்காமல் தின்றிருந்தால் அவனைச் சுயநலக்காரன் என்று திட்டுகிற முதல் ஆள் நானாகத்தான் இருந்திருப்பேன்.

அதற்கடுத்த கூட்டத்தில் அந்த டாக்டர், ஓர் அறை என்று மட்டும் சொல்லி, நாட்டையும் ஊரையும் சொல்லாமல் இந்த விஷயத்தை முன்வைத்தார். மருந்து வந்த வழி தெரியவில்லை, அனுப்புகிற நாட்டில் விசாரணை நடக்கிறது என்றார். குழுத் தலைவர் என்னைப் பார்த்தார். திரையில் எல்லோரும் எல்லோரையும்தான் பார்க்கிறார்கள். ஆனால் என்னைப் பார்த்தது போலவே இருந்தது.

“விசாரித்துக்கொண்டிருக்கிறோம்” என்றேன்.

அடுத்த மாதமும் அதையே சொன்னேன். என்னை என்ன செய்துவிடுவார்கள் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது தோன்றியது வேறு. வேலை போகும், குழுவில் இடம் போகும், இத்தனை வருடம் ஒழுங்காக நடத்திய ஆய்வகத்தின் பெயர் போகும், பள்ளிக்கூடத்தில் பேசிய பேச்சையெல்லாம் ஊர் நினைவுபடுத்திச் சிரிக்கும். தம்பி பிழைத்துவிட்டான், இனி நான் அனுப்பப் போவதில்லை, அதோடு விஷயம் முடிந்தது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கோழைத்தனத்துக்கு எப்போதும் நல்ல நல்ல வாக்கியங்கள் கிடைக்கும்.

அங்கே சேர்ந்திருந்த இரண்டு பேரில் ஒருவன் எங்கள் கடற்கரை ஊர் ஒன்றைச் சேர்ந்தவன். லீவு முடிந்து திரும்பும்போதெல்லாம் எங்கள் வீட்டுக்கு வந்து தம்பிக்கான பொதியை வாங்கிப் போவது அவன்தான். வாசலில் நின்றபடியே ஒரு பை கருவாட்டை நீட்டிவிட்டு, உள்ளே கூப்பிட்டால் கூச்சப்படுவான். முதல் முறை குணமாகி வேலைக்குத் திரும்பியிருந்தான். மூன்றாம் மாதம் காய்ச்சல் மறுபடி வந்தது. தலையணைக்கு அடியில் இருந்த தன் பங்கை எடுத்துத் தின்றுவிட்டு நாலு நாள் வேலைக்குப் போயிருக்கிறான். ஆஸ்பத்திரியில் கொண்டு சேர்த்தபோது பழைய ஊசியும் கேட்கவில்லை.

அவன் போய்விட்டான் என்று தம்பிதான் ஃபோனை வைத்துவிட்டு வந்து சொன்னான். அன்றைக்கே அந்த டாக்டரைக் கூப்பிட்டு, நான்தான் அனுப்பினேன், அவரவர் பங்கு தலையணைக்கு அடியில் இருக்கும் என்றேன். நான் கேட்ட அன்றே சொல்லியிருந்தால் அந்த அறையின் தலையணைகளைத் தூக்கிப் பார்க்கச் சொல்லியிருப்பேன் என்றார் அவர். அன்று பிற்பகலே ஆளை அனுப்பினார். அறை காலியாக இருந்தது. சாவு விழுந்ததும் கம்பெனி பயந்துபோய், அங்கிருந்தவர்களை வேறு வேறு தங்குமிடங்களுக்குப் பிரித்து அனுப்பிவிட்டிருந்தது. யார் எங்கே போனார்கள் என்ற பட்டியலைத் தர, இரண்டு அரசாங்கங்களும் எழுத்தில் கேட்க வேண்டும் என்றார்களாம். கேட்டிருக்கிறோம். இன்னும் வரவில்லை.

முப்பதாம் நாள் பூசைக்குப் போனேன். போனது துக்கம் கேட்க அல்ல. செத்தவனின் அம்மாவிடம் உண்மையைச் சொல்ல. வழி முழுக்க வார்த்தைகளைச் சேர்த்து வைத்திருந்தேன். கோயிலில் ஆட்கள் கலைந்த பிறகு வீட்டுக்குள் போனேன். அவர் பாயில் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து வந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

“நீங்க தந்துவிட்ட குளிகையிலயாக்கும் எனக்க மோன் இத்தற காலம் அங்க கெடந்தான். ஒவ்வொரு தடவையும் செல்லுவான், டாக்டர் அக்கா குளிகை இருக்கு, நீ பேடிக்காத அம்மான்னு.”

நான் வாயைத் திறந்தேன். அவர் விடவில்லை.

“சரீரத்தோட கூட எளையவன் வந்தான்லா. அவனும் அங்கதான வேலை. முந்தாநாளு ஏறிப் போயாச்சு. மூத்தவனுக்க பெட்டியில நீங்க பண்டு குடுத்த அட்டை ஒண்ணு கெடந்துது. அதக் கொண்டு மெடிக்கல்ல காட்டி, அது போல நெறய வாங்கி வச்சுவிட்டேன். உங்களுக்கு எப்பவும் தொந்தரவு குடுக்க ஒக்குமா?”

சேர்த்து வைத்திருந்த வார்த்தைகள் எதுவும் உதவவில்லை. அந்த மாத்திரையை அவன் தொடக் கூடாது என்று மட்டும் சொன்னேன். ஏன் என்று சொல்லத் தொடங்கினேன். அவர் என் கையை விடாமல், என் முகத்தைப் பார்த்தபடி, முழுதும் கேட்டார். நான் சொன்னது அவருக்குப் புரிந்தது என்பது, பிடித்திருந்த கை மெல்லத் தளர்ந்தபோது தெரிந்தது. திட்டவில்லை. சுவரோரம் போய்த் தன் ஃபோனை எடுத்து, இளையவனின் எண்ணைப் போட்டு என் கையில் கொடுத்தார். தண்ணீர் குடிக்கிற இடைவேளையில் இருந்தான். அண்ணனைப் போலவே கூச்சமான குரல்.

“அந்தக் குளிகைய யாரும் தின்னக்கூடாது மக்கா” என்றேன். “எங்க வச்சிருக்கே? எத்தனை இருக்கு?”

“எங்கிட்ட இல்லையேக்கா. வந்த அன்னைக்கே பங்கு வச்சாச்சு” என்றான். “அண்ணனுக்க ரூமுல இருந்த ரெண்டு பேர இப்ப இங்கதான் கொண்டு விட்டிருக்கு, அவனுவளுக்கும் சேத்து. அண்ணன் போனதுல எல்லாவனுக்கும் பேடி. பனி வராம இருக்கியதுக்கு, இன்னைக்குக் காலத்த ஆளுக்கொண்ணு தின்னுட்டுத்தான் வேலைக்கு வந்தோம்.”